ஓர் அறையில் நாலு பேர்தான்... சிவகாசி விதி கம்ப்யூட்டருக்கும் உண்டு!

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பட்டாசு ஆலைகளைப் பார்த்திருப்பார்கள். பெரிய கட்டடம் எதுவும் கண்ணில் படாது. பொட்டல் வெளியில் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நல்ல இடைவெளி. மருந்து செலுத்துவது போன்ற ஆபத்தான வேலை நடக்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஓர் அறையில் பொறி பட்டால் சேதம் அந்த அறையோடு நின்றுவிட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை விதிகளும்.

கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைக் காக்கும் கருவிக்கு 'ஃபயர்வால்' என்ற பெயர் வந்ததும் இதே யோசனையில்தான். கட்டடத்தின் ஒரு பகுதியில் பிடித்த தீ அடுத்த பகுதிக்குப் பரவாமல் தடுக்கும் சுவருக்கு ஆங்கிலத்தில் இதுதான் பெயர். வங்கி, ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம் என இன்டர்நெட் வரும் இடங்களில் வாசல் காவலாளி இந்தக் கருவிதான். யாரை உள்ளே விடலாம், யாரை விடக் கூடாது, எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பிரிவுக்குப் போகலாம் என்றெல்லாம் இதற்கு வரி வரியாக எழுதிக்கொடுக்க வேண்டும். இதைத்தான் 'கான்ஃபிகரேஷன்' என்கிறார்கள்.

ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கருவியாகச் செய்துவந்த இந்த வேலையை இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், பட்டாசு ஆலையின் அந்த விதியை மறந்துவிட்டுச் செய்தால் ஆபத்து.

கூடங்குளத்தைக் காத்த இடைவெளி

2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் புகுந்துவிட்டதாகச் செய்தி பரவியது. இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30-ம் தேதி அதை உறுதிசெய்தது. நாட்டின் சைபர் பாதுகாப்பு அமைப்பான 'செர்ட்-இன்' செப்டம்பர் 4-ம் தேதியே இது பற்றித் தகவல் கொடுத்திருந்தது.

அணு உலைக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. வைரஸ் புகுந்தது நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரில். முக்கியமான உள் நெட்வொர்க்கிலிருந்து அது தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்று கழகம் விளக்கம் தந்தது. ஓர் அறையில் விழுந்த பொறி அடுத்த அறைக்குப் போகவில்லை.

'நாளைக்கு மூடிடலாம் சார்!'

எல்லா இடத்திலும் சுவர் இப்படி ஓட்டையில்லாமல் இருப்பதில்லை. ஓர் அலுவலகத்தில் பில்லிங் மென்பொருள் பழுது என்று வைத்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து ஒருவர் உள்ளே நுழைந்து சரிசெய்ய வேண்டும். அதற்காக ஃபயர்வாலில் ஒரு வழியைத் திறந்துவிடுகிறார் இன்ஜினீயர். 'நாளைக்கு மூடிடலாம் சார்' என்கிறார். நாளை வருகிறது, வேறு வேலை வந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார். அந்த வழி மட்டும் திறந்தே கிடக்கிறது. புதிதாக வந்தவருக்கோ அதை மூடப் பயம். மூடினால் எது நின்றுபோகும் என்று யாருக்குத் தெரியும்?

பதிவேட்டில் இருப்பது ஒன்று, நடப்பது வேறு. இந்த இடைவெளி எவ்வளவு கொடியது என்பதை விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து ஏறக்குறைய 40 உயிர்களைப் பறித்தது. அந்த ஆலையின் உரிமம் அதற்கு முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஆனாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது. உயிர்ப் பலியையும் கம்ப்யூட்டர் கோளாறையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும், விதி இருப்பது வேறு, விதி நடப்பில் இருக்கிறதா என்று தினம் தினம் பார்ப்பது வேறு என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

471 கருவி, 15 நாள்

தினம் தினம் பார்ப்பது ஆட்களால் முடியுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விருதுநகர் மாவட்டத்தில் 10 தாலுகாக்கள், 11 ஊராட்சி ஒன்றியங்கள், 450 கிராம ஊராட்சிகள். அலுவலகத்துக்கு ஒரு கருவி என்று வைத்தாலே 471. ஒரே ஒரு மாற்றத்தைச் செய்யக் கருவிக்கு 15 நிமிடம் என்றால், நாளுக்கு எட்டு மணி நேரம் உழைக்கும் ஒருவருக்குக் கிட்டத்தட்ட 15 நாள் பிடிக்கும். முன்னூறாவது கருவியில் ஓர் எண்ணைத் தப்பாகத் தட்ட மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இப்படிப்பட்ட மாற்றங்கள் அடிக்கடி வரவும் செய்கின்றன. 2022 ஏப்ரல் 28-ம் தேதி செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும், யார் வந்தார்கள் போனார்கள் என்ற பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு செப்டம்பர் 25 வரை அவகாசம் கிடைத்தது. இதில் கடிகாரம், பதிவு இரண்டுமே ஒவ்வொரு கருவியாகத் திறந்து மாற்ற வேண்டிய வேலை.

இங்கேதான் 'ஆன்சிபிள்' போன்ற மென்பொருள்கள் கைகொடுக்கின்றன. 2012-ல் வந்த ஆன்சிபிளை இலவசமாகவே பயன்படுத்தலாம். கருவிகள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும். மென்பொருள் ஒவ்வொரு கருவிக்குள்ளும் போய், எழுதியதையும் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் இருந்தால் மட்டும் திருத்தும், சரியாக இருந்தால் தொடாது. நூறு தடவை ஓட்டினாலும் விளைவு ஒன்றுதான். ராத்திரிதோறும் ஓட விட்டால், 'நாளைக்கு மூடிடலாம்' என்று திறந்த வழி மறுநாள் காலையிலேயே அகப்பட்டுவிடும்.

78 நிமிடத்தில் 85 லட்சம்

சரி, அந்த ஒரே கோப்பில் தப்பு இருந்தால்? அதையும் மென்பொருள் சலிக்காமல் எல்லாக் கருவிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? விமான நிலையங்களில் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோக, பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். காரணம் வைரஸ் அல்ல. வைரஸிடமிருந்து காக்க வேண்டிய 'கிரவுட்ஸ்ட்ரைக்' மென்பொருளுக்குத் தானாகப் போன ஒரு புதிய கோப்பு. தப்பைக் கண்டு 78 நிமிடத்தில் அந்த நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கிவிட்டன. இனிமேல் கட்டம் கட்டமாகத்தான் அனுப்புவோம் என்று பிறகு அறிவித்தார்கள்.

கட்டம் கட்டமாகச் செய்தாலும் கவனம் தப்பலாம். தமிழர்கள் நிறைய வாழும் கனடாவில் 2022 ஜூலை 8-ம் தேதி 'ரோஜர்ஸ்' நெட்வொர்க் படுத்துவிட்டது. ஊழியர்கள் செய்த ஒரு கான்ஃபிகரேஷன் மாற்றத்தில் வடிகட்டி போல இருந்த ஒரு விதி நீக்கப்பட, நடு நெட்வொர்க்கில் தகவல் வெள்ளம் பாய்ந்தது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குப் போன், இன்டர்நெட் இல்லை. கடைகளில் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. பலருக்கு அவசர உதவி எண் 911-கூடக் கிடைக்கவில்லை.

ஏழு கட்ட வேலையில் ஆறாவது கட்டம் அது. ஆரம்பத்தில் 'அதிக ஆபத்து' என்று குறித்த வேலையை, முந்தைய கட்டங்கள் நன்றாக முடிந்ததால் அவர்களுடைய கணிப்பு முறையே 'குறைந்த ஆபத்து' என்று மாற்றிவிட்டது. அதனால் கூடுதல் சோதனை நடக்கவில்லை. பழுதுபார்க்கக் கருவிகளுக்குள் நுழையும் பாதையும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தது. பூட்டிய வீட்டுக்குள் சாவி மாட்டிக்கொண்ட கதை!

என்ன செய்யலாம்?

முதலில் ஒரே ஒரு கருவியில் மாற்றிப் பார்த்து, பிறகு பத்து, அதன் பிறகு நூறு என்று போக வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சரிபார்க்க வேண்டும். பழுதுபார்க்கத் தனிப் பாதை வேண்டும். மாற்றம் கைமீறினால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் ஏற்பாடும் அவசியம். சில ஃபயர்வால்களில் இது உள்ளேயே இருக்கிறது. மாற்றம் செய்தவர் 10 நிமிடத்துக்குள் 'சரி' என்று மீண்டும் உறுதி சொல்லாவிட்டால், கருவி தானாகவே பழைய விதிகளுக்குப் போய்விடும்.

இன்ஜினீயருக்கு வேலை போய்விடுமா என்ற கவலை பல வீடுகளில் இருக்கிறது. தட்டச்சு செய்யும் வேலை குறையும். எந்த விதி வேண்டும், அதை எத்தனை கருவியில் முதலில் சோதிப்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கும் வேலை கூடும். மாணவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பைத்தான், ஆன்சிபிள் இரண்டையும் பழகலாம்.

வீட்டு வைஃபை ரவுட்டரிலும் ஒரு சின்ன ஃபயர்வால் உண்டு. வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டு இன்னும் மாறாமல் இருந்தால், இன்றைக்கே மாற்றிவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.