விலாவுக்குள் தங்கிவிடும் வலி

நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். தையல் ஆறிவிட்டது, ஸ்கேனிலும் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் விலாவோரம் எரிகிறது; ரவிக்கையோ சட்டையோ உரசினால் கூசுகிறது; தும்மினால் உயிர் போய் வருகிறது. ரிவ்யூவுக்குப் போன இடத்தில் சொன்னால், "பெரிய ஆபரேஷன்மா, கொஞ்ச நாள் வலிக்கத்தான் செய்யும்" என்கிறார் டாக்டர். வீட்டில் சொன்னால், "உயிர் பிழைச்சு வந்ததே பெரிசு" என்கிறார்கள். இரண்டும் அக்கறையில் வரும் சொற்கள்தாம். ஆனால் இரண்டையும் கேட்டுக் கேட்டு நோயாளி பேசுவதையே நிறுத்திவிடுகிறார். அப்படி நிறுத்திவிடக் கூடாது. மூன்று மாதம் தாண்டியும் தங்கும் வலியை மருத்துவம் ஒரு தனி நோயாகவே கணக்கில் வைத்திருக்கிறது. அதற்கென்று சிகிச்சை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் உரிமையும் நோயாளிக்கு இருக்கிறது.

இந்த வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் விலகும். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியும் முதுகிலிருந்து முன்பக்கம் வரை ஒரு நரம்பு ஓடுகிறது. மார்பைத் திறக்கும்போது இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்து விரிக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் நரம்பு நசுங்கலாம், இழுபடலாம். கடைசியில் போடும் தையலிலும் சிக்கலாம். சிறு துளைகள் போட்டு கேமரா வழியாகச் செய்யும் ஆபரேஷனில் இந்தச் சேதம் குறைவு. ஆனால் அறவே இல்லாமல் போவதில்லை. இரண்டாம் உலகப்போரில் காயம்பட்டு மார்பில் ஆபரேஷன் செய்யப்பட்ட படைவீரர்களிடம் இந்த விடாத விலா வலியைக் கண்டு, 1944-லேயே அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மார்பைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்குப் பின் மூன்று மாதம் கழித்தும் ஏதாவது ஓர் அளவில் வலி இருப்பதாகச் சொல்பவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். பலருக்கு அது தாங்கக்கூடிய வலி. சிலருக்குத் தூக்கத்தையும் வேலையையும் பறிக்கும் வலி.

நரம்பு முன்பக்கம் வரை ஓடுவதால், தழும்பு முதுகுப் பக்கம் இருக்க, வலியோ மரத்துப்போன உணர்வோ மார்பகத்துக்குக் கீழேயும் மேல்வயிற்றிலும் தெரியும். வாயுத்தொல்லை என்று நினைத்து மாத்திரை சாப்பிடுபவர்களும், மார்பில் கட்டி வந்துவிட்டதோ என்று கலங்கும் பெண்களும் இதனால்தான் திண்டாடுகிறார்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: மரத்துப்போன தோலில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

டாக்டரிடம் "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் சாதாரண வலி மாத்திரைதான் கிடைக்கும். எப்படி வலிக்கிறது என்று சொல்லுங்கள். எரிகிறதா, மின்சாரம் அடித்தாற்போல் சுரீரென்று ஓடுகிறதா, எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதா, துணி பட்டாலே தாங்க முடியவில்லையா? இவை நரம்பு வலியின் அடையாளங்கள். பத்துக்கு எத்தனை என்று ஓர் எண்ணும் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், வலி எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பது: அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, கையைத் தூக்கித் தலைவார முடியவில்லை, இருமிச் சளியை வெளியேற்ற முடியவில்லை. கடைசியாகச் சொன்னது நுரையீரலுக்கே ஆபத்து. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி உள்ளே தேங்கும், நிமோனியா வரும். தலையணையை விலாவில் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுவதும், மூன்று பந்துக் கருவியில் மூச்சை இழுத்துப் பழகுவதும், பிசியோதெரபிஸ்ட் சொன்ன தோள்பட்டைப் பயிற்சிகளும் அதற்காகத்தான். கையை அசைக்காமலே காப்பாற்றி வைத்தால் தோள் இறுகிப்போய், ஒரு வலி இரண்டாகும்.

நரம்பு வலிக்கு காபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் போன்ற மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம்; மூன்றாம் நாளே "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். இவற்றில் சில மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்துகள். அதை எங்கோ படித்துவிட்டு, தன்னை மனநோயாளி ஆக்கிவிட்டார்கள் என்று மனம் நொந்துபோக வேண்டாம். அவை நரம்பின் வலிச் செய்தியையும் மட்டுப்படுத்துபவை. தலைசுற்றல், தூக்கக் கலக்கம் வரலாம் என்பதால், பழகும்வரை வண்டி ஓட்டக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மாத்திரைக்கு அடங்காத வலிக்கு மரப்பு மருந்து ஊறிய ஒட்டுப் பட்டையும், நரம்பருகே போடும் ஊசியும் உண்டு. பல பெரிய மருத்துவமனைகளில் மயக்கவியல் துறையின் கீழ் வலி நிவாரணப் பிரிவு இயங்குகிறது. அங்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நோய் ஆதரவுப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தால் கடைசிக் காலம் வந்துவிட்டது என்று பொருளில்லை. வலியைக் கையாளத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கும். ஆபரேஷனுக்குப் பின் சிஸ்பிளாட்டின் கீமோ ஏற்றிக்கொள்பவர்களுக்கு இன்னும் கூடுதல் ஆபத்து. அந்த மருந்தே சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடியது. டிரமடால் மாத்திரையைச் சீட்டில்லாமல் கடைக்காரர் தர மறுத்தால் கோபப்படாதீர்கள். 2018 முதல் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதே 1985-ஆம் ஆண்டுச் சட்டம்தான் மார்ஃபினையும் நோயாளிகளுக்கு நெடுநாள் எட்டாமல் வைத்திருந்தது. மருத்துவமனைகள் பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. 2014-இல் வந்த திருத்தம் மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்டவற்றை அத்தியாவசிய மருந்துகளாக்கி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் அவற்றைத் தர வழி செய்தது. ஆபரேஷன் ஆன முதல் சில நாட்களிலும், நோய் திரும்பி வந்த வேளையிலும் கடும் வலிக்கு மார்ஃபினைக் கேட்பதில் வெட்கமோ குற்றமோ இல்லை.

எல்லா வலியும் நரம்பு வலிதான் என்று இருந்துவிடவும் முடியாது. திடீர் மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கெண்டைக்கால் வீக்கம், இருமலில் ரத்தம், காய்ச்சலோடு தழும்பில் சீழ், திடீரென்று நீர்த்த சளி கொட்டுவது, முதுகுவலியோடு கால் பலவீனமாவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது - இவற்றில் எது வந்தாலும் அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குறைந்துவந்த வலி மறுபடி ஏறினாலும், வேறோர் எலும்பில் புதிதாக வலி தொடங்கினாலும், எடை இறங்கினாலும் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

இனி உரிமை. ஆபரேஷனுக்கு ஒப்புதல் வாங்கும் முன் சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. அரிதான ஆபத்துகளையெல்லாம் சொல்லத் தேவையில்லை என்றும் அது கூறியது. பாதிப் பேருக்கு வரும் வலியை அரிது என்று யாரும் சொல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்: துளை வழி ஆபரேஷன் எனக்குப் பொருந்துமா? முதல் நாட்களின் வலிக்கு முதுகுத்தண்டு வழியாக மருந்து செலுத்துவார்களா? தொடக்கத்தில் அடக்கப்படாத வலி, நீடித்த வலிக்கு ஒரு முன்னோடி. வலி தங்கிவிட்டது என்பதால் மட்டும் டாக்டர் தவறு செய்தார் என்று ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, பயாப்சி அறிக்கை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

பணம்தான் பலரை மடக்குகிறது. தனியார் காப்பீட்டுப் பாலிசிகள் பலவும் டிஸ்சார்ஜுக்குப் பிந்திய செலவை 60 நாள் வரைதான் ஏற்கின்றன. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் அது 15 நாள். மருத்துவம் நாட்பட்ட வலி என்று பெயர் சூட்டுவதோ மூன்று மாதம் கழித்து! இந்த இடைவெளியை அரசும் காப்பீட்டு ஒழுங்காணையமும் அடைத்தே ஆக வேண்டும். அதுவரை, பாலிசியில் எத்தனை நாள் என்று பார்த்து, பில்களை அதற்குள் கொடுத்துவிடுங்கள். நியாயமான கோரிக்கையை நிராகரித்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

நடக்க முடியாமல் வீட்டோடு இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீடு தேடி வரும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 104 எண்ணிலோ கேட்கலாம். இ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். சாதாரண நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள். புற்றுநோய்க்கு அதைத் தாண்டியும், ஊதியத்தில் 80 சதவீதம் என்ற கணக்கில், இரண்டு ஆண்டு வரை நீட்டிக்க வழி இருக்கிறது. இரண்டு ஆண்டுத் தொடர் பணியும் 156 நாள் சந்தாவும் அதற்குத் தேவை. உடம்பு தேறும் முன்பே மூட்டை தூக்கவும் நின்றபடி எட்டு மணி நேரம் உழைக்கவும் போய்விடுபவர்களில் பலருக்கு இப்படி ஒரு உதவி இருப்பதே தெரியாது. விண்ணப்பிக்க வேண்டிய இடம் உங்கள் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம்.