யூனிட்டு விற்பனையும் மூலதன லாப வரியும்

நெசவாளரும் விவசாயியும் சேமிப்பு என்றால் தங்கம், நிலம், சங்க வைப்பு ஆகிய மூன்றையே அறிந்திருந்த காலம் உண்டு. 1964-ஆம் ஆண்டில் யூனிட் டிரஸ்ட் ஆப் இந்தியா பத்து ரூபாய் முகமதிப்புள்ள யூனிட்டுகளை வெளியிட்டபோது, பங்குச் சந்தையின் பலன் சிறு சேமிப்பாளருக்கும் எட்டுவதற்கு வழி பிறந்தது. அத்திட்டத்தின் விற்பனையும் மீட்பும் 2001 ஜூலையில் நிறுத்திவைக்கப்பட்டதை மூத்த அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆயினும் இன்று செல்லூர்த் தறிக்காரர் வீட்டிலும் வாடிப்பட்டி வயற்காரர் வீட்டிலும் பரஸ்பர நிதி யூனிட்டுகள் இடம்பெற்றுவிட்டன. அவற்றை வாங்கச் சொல்வோர் பலர் உளர். விற்கும்போது நேரும் வரியைப் பற்றிச் சொல்வோர் சிலரே.

மூலதன லாப வரி நம் நாட்டில் 1947-இல் விதிக்கப்பட்டு, 1949-இல் நீக்கப்பட்டு, 1956-இல் மீண்டும் கொணரப்பட்டது. பங்கு நிதிகளின் நீண்டகால லாபத்திற்கு 2004 முதல் இருந்துவந்த விலக்கு 2018-இல் முடிவுற்றது. 2024 ஜூலை 23 முதல் ஏற்பட்ட விதி வருமாறு: பங்கு நிதி யூனிட்டுகளைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டின் லாபத்தில் ரூ. 1,25,000 வரை வரியில்லை, மிகுதிக்கு 12.5 சதவீதம். அக்காலத்திற்குள் விற்றாலோ 20 சதவீதம். 2023 ஏப்ரல் முதல் வாங்கிய கடன்பத்திர நிதிகளுக்கு இச்சலுகை கிடையாது; எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் அவற்றின் லாபம் ஏனைய வருமானத்தோடு சேர்ந்துவிடும்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் அங்கத்தினர் ஒரே தவணையாகப் பங்கு நிதியில் இட்ட நான்கு லட்சம், சில வருஷங்களில் ஏழு லட்சமாயிற்று எனக் கொள்வோம். மகள் கல்யாணத்திற்காக அனைத்தையும் மார்ச்சில் விற்றால், மூன்று லட்சம் லாபத்தில் விலக்குப் போக ரூ. 1,75,000-க்கு வரி ரூ. 21,875, நான்கு சதவீதத் தீர்வையும் சேர்ந்து ரூ. 22,750. பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் விற்றாலோ இரண்டு ஆண்டுகளின் விலக்கும் கிடைக்கும்; மொத்த வரி ரூ. 6,500-தான். விலை இடையில் மாறக்கூடும் என்பது உண்மையே. எனினும் விடியலில் பறித்த மல்லிகையை அன்றே மாட்டுத்தாவணியில் விற்றாக வேண்டும். யூனிட்டுக்கு அந்த அவசரம் இல்லை. மார்ச் கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பின் கொடுக்கும் விண்ணப்பத்திற்கு அடுத்த வேலைநாளின் விலையே கிடைக்குமாதலால், அது ஏப்ரல் கணக்கிற்குப் போய்விடும்.

மாதந்தோறும் பணம் கட்டுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒவ்வொரு தவணையும் தனிக் கொள்முதல். முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். ஆகவே மூன்று வருஷமாகக் கட்டிவருபவர் முழுவதையும் விற்றால், கடைசிப் பன்னிரண்டு மாதத் தவணைகளின் லாபத்திற்கு 20 சதவீத விகிதமே பொருந்தும். அத்தவணைகளை மட்டும் விட்டுவைத்தல் நலம்.

"பன்னிரண்டு லட்சம் வரை வரியே இல்லை" என்ற பேச்சு டீக்கடைகளில் பரவியிருக்கிறது. பங்கு நிதி லாபத்திற்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. ஆனால் ஏனைய வருமானம் அடிப்படை விலக்கு வரம்பிற்குக் குறைந்திருந்தால், அக்குறையை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். 2025-26-ஆம் நிதியாண்டில் புதிய முறைப்படி அவ்வரம்பு நான்கு லட்சம். தறிக்கூலி இரண்டரை லட்சம் மட்டுமே பெறுபவர் லாபத்தில் ஒன்றரை லட்சத்தை இவ்வாறு கழிக்கலாம். மேற்சொன்ன அங்கத்தினர் அத்தகையவராயின், ஒரே ஆண்டில் விற்றாலும் ரூ. 3,250-தான் கட்டுவார். கைத்தறிக் குடும்பங்களில் பலருக்குப் பயன்படும் விதி இது. நிதி முகவர்கள் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

விவசாய வருமானத்திற்கு வரியில்லை என்பதால் அதில் சேமித்து வாங்கிய யூனிட்டின் லாபத்திற்கும் இல்லை என்று கருதலாகாது. மனைவி பெயருக்கு யூனிட்டை மாற்றி விற்பதும் பயன் தராது. லாபம் கணவன் கணக்கிலேயே சேர்க்கப்படும்.

நஷ்டத்தில் விற்றவர்களும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். குறுகிய கால நஷ்டத்தை இருவகை லாபத்திலும் ஈடுகட்டலாம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டுமே. உரிய தேதிக்குள் தாக்கல் செய்தோர், மிஞ்சிய நஷ்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம்.