உயர்த்திய ஜிம்னியும் சாய்வு இழக்கும் ஆக்சிலும்

கரடுமுரடான தடங்களுக்காக எஸ்யூவி வண்டியை உயர்த்த எண்ணுவோர் பெரும்பாலும் எத்தனை அங்குலம் உயர்த்தலாம் என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகின்றனர். உண்மையில் அதற்கு முன் தீர்க்கப்பட வேண்டியது, வண்டியின் எந்தப் பகுதி உயரப் போகிறது என்பதாகும். 2018இல் வெளிவந்த நான்காம் தலைமுறை சுசுகி ஜிம்னியில் முன்னும் பின்னும் திட ஆக்சில்கள், அதாவது இரு சக்கரங்களையும் ஒரே உறுதியான இரும்புக் கூட்டால் இணைக்கும் ஆக்சில்கள், பொருத்தப்பட்டுள்ளன. எஞ்சினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியல் அந்தக் கூட்டிலேயே புடைத்து இறங்கியிருப்பதால், பாறைத் தடத்தில் அடிபடும் முதல் உறுப்புகளில் அதுவும் ஒன்று. ஸ்பிரிங்குகள் ஆக்சிலின் மேல் அமர்ந்திருப்பவை. ஆகவே 50 மி.மீ. கூடுதல் உயரம் தரும் ஸ்பிரிங்குகளைப் பொருத்தினால் சேசிஸும் அதன் மேலுள்ள கூடும் எழுமேயன்றி, டிஃபரன்ஷியல் பழைய உயரத்திலேயே நிற்கும்.

அதை உயர்த்த வல்லது டயர் ஒன்றுதான், அதுவும் விட்டத்தில் கூடும் அளவில் பாதி மட்டுமே. ஜிம்னிக்கு ஆலையில் பொருத்தப்படும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ.; அதற்குப் பதிலாக 235/75 ஆர்15 டயரைப் பொருத்தினால் விட்டம் 733 மி.மீ. ஆகி, டிஃபரன்ஷியல் ஏறத்தாழ 20 மி.மீ. எழுகிறது. ஸ்பிரிங்கை உயர்த்துவதன் தலையாய பயன், இந்தப் பெரிய டயர் சக்கர வளைவில் உரசாமல் மேலும் கீழும் ஆட இடம் தருவதுதான். வண்டியின் அடிவயிறு மேட்டில் தட்டாதிருப்பதும், பம்பர்கள் சரிவுகளில் இடிக்காதிருப்பதும் அதனுடன் சேர்ந்து கிடைப்பவை. டயரை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்குத் தேவையான உயரத்தைப் பின்னர் கணக்கிடுவதே சரியான வரிசை.

உயர்த்தும் முறைகளில் மலிவானது, இருக்கும் ஸ்பிரிங்கின் மேல் கட்டை வைப்பது. இதனால் வண்டி உயரும், ஆனால் ஷாக் அப்சார்பரின் நீளம் மாறாததால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கக்கூடிய தூரம் அந்த அளவுக்குக் குறையும். சேசிஸுக்கும் அதன் மேலுள்ள கூட்டுக்கும் இடையே கட்டைகள் வைக்கும் மற்றொரு முறை, சஸ்பென்ஷனைத் தொடாமலே பெரிய டயருக்கு இடம் தருகிறது. அடிவயிற்றின் உயரத்துக்கு அதனால் பயனில்லை. 2020இல் வந்த மஹிந்திரா தாரின் நிலை வேறு. அதன் முன் சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஆடுபவை என்பதால், முன் டிஃபரன்ஷியல் சேசிஸோடு சேர்ந்து உயர்ந்துவிடும். ஆனால் அங்கிருந்து சக்கரத்துக்குச் செல்லும் தண்டுகள் கூடுதல் கோணத்தில் சுழல நேர்ந்து, அவற்றின் மூட்டுகள் விரைவில் தேயும்.

புதிய ஸ்பிரிங்குகளைத் தேர்ந்தெடுப்போர் உயரத்தைவிட எடையைப் பற்றியே அதிகம் சிந்திக்க வேண்டும். ஒரு ஸ்பிரிங்கின் விறைப்பு என்பது அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்கத் தேவையான விசை. இரும்பு பம்பர், வின்ச், கூரைச் சுமை ஆகியவற்றை நிரந்தரமாகச் சுமக்கும் வண்டிக்கென வடிவமைக்கப்பட்ட விறைப்பான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் பொருத்தினால், அது எதிர்பார்த்ததைவிட உயரமாக நிற்பதோடு, சிறு கற்களையும் விழுங்காமல் துள்ளும். விறைத்த ஸ்பிரிங் அமுங்கி விரியும் வேகத்தை அடக்க, அதற்கு இணையான ஷாக் அப்சார்பரும் வேண்டும். அலையலையான மண் சாலையில் நெடுநேரம் ஓடும்போது ஷாக் அப்சார்பரின் எண்ணெய் சூடேறி நுரைத்து வலுவிழப்பதாலேயே, அழுத்தமூட்டிய நைட்ரஜன் வாயு அடைத்த வகைகள் உருவாக்கப்பட்டன.

இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது காஸ்டர் கோணம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரம் ஒரு கற்பனைக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் அக்கோட்டின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவே காஸ்டர். சைக்கிளின் முன் கவையும் இவ்வாறே சாய்ந்திருக்கிறது. ஓடும் சைக்கிளில் கைப்பிடியை விட்டாலும் அது நேரே செல்வதற்கு இச்சாய்வு பெரிதும் துணைசெய்கிறது. கோட்டின் நீட்சி தரையைத் தொடும் புள்ளிக்குப் பின்னால் டயர் தரையைத் தொடுவதால், டயர் அப்புள்ளியைப் பின்தொடர்ந்து இழுபட்டுத் தன்னைத்தானே நேராக்கிக்கொள்கிறது.

ஜிம்னியின் முன் ஆக்சிலிலிருந்து இரு கைகள் பின்னோக்கிச் சென்று சேசிஸில் ரப்பர் புஷ்களால் இணைகின்றன. வண்டி உயர்ந்ததும் அக்கைகளின் பின்முனை சேசிஸோடு மேலேறி, அவற்றோடு பிணைந்த ஆக்சில் தன் நிலையிலிருந்து முன்னோக்கி உருண்டு, காஸ்டர் குறைகிறது. கையின் நீளம் 900 மி.மீ. என்று கொண்டால், 50 மி.மீ. உயர்வு 3 பாகைக்கு மேல் சாய்வைப் பறித்துவிடும். ஆலையில் அமைக்கப்படும் காஸ்டரே சில பாகைகள்தான் என்பதை எண்ணும்போது இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது புலப்படும். நெடுஞ்சாலையில் வண்டி அலைவதும், திருப்பத்துக்குப் பின் ஸ்டியரிங் தானாகத் திரும்பிவராததும் இதனால்தான். துளை மையம் விலகிய புஷ்களாலோ, கோணம் மாற்றி வார்த்த புதிய கைகளாலோ இதைச் சீராக்கலாம். ஆக்சிலைப் பக்கவாட்டில் நிறுத்தும் பேன்ஹார்ட் தண்டும் உயர்வினால் ஆக்சிலை ஒருபுறம் இழுப்பதால், நீளம் மாற்றத்தக்க தண்டு ஒன்றும் தேவைப்படலாம்.

வண்டியை உயர்த்தித் தந்துவிட்டு இந்தத் திருத்தங்களைப் பற்றிப் பேசாமலே அனுப்பும் பழக்கம் வருந்தத்தக்கது. அதன் விலையைக் கொடுப்போர் வண்டிக்குள் இருப்போர் மட்டுமல்லர், எதிரே வருவோரும்தான். உயர்த்துவது கவிழும் அபாயத்தையும் கூட்டுகிறது. வண்டி எளிதில் கவிழுமா என்பதை, இரு சக்கரங்களுக்கிடையிலான அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து மதிப்பிடுவர். அகலம் 1,400 மி.மீ., ஈர்ப்பு மையம் 700 மி.மீ. உயரம் எனக் கொண்டால் விகிதம் 1. அம்மையம் 45 மி.மீ. எழுந்தாலே அது 0.94 ஆகிவிடும். சேறே காணாத நகரத் தெருவில் தோற்றத்துக்காக மட்டும் இந்த இழப்பை ஏற்பது நியாயமாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. தடத்துக்கென்றே உயர்த்துவோரும் இதை முதலில் விசாரித்தறிவது கடமை.

முறையாகச் செய்யும் பட்டறையை இனங்காண ஒரு வழி உண்டு. கைகளின் முனையிலுள்ள ரப்பர் புஷ்கள், உலோக உறையோடு ஒட்டப்பட்டு, முறுக்குண்டு வளைந்து கொடுப்பவை. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழியும். ஆகவே, வண்டியைச் சக்கரங்களின் மேல் நிறுத்தி, அதன் வழக்கமான சுமையையும் ஏற்றி, புதிய உயரத்தில் அது நிலைகொண்ட பின்னரே அந்தப் போல்ட்டுகள் இறுதியாக இறுக்கப்பட வேண்டும்.