வெள்ளைச் சட்டை ஏன் சாம்பலாகிறது?

வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவரை நிறுத்திப் படமெடுங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று இருந்த காட்சி படத்தில் மங்கிவிடும். சுவரும் சட்டையும் சாம்பல், முகம் இருட்டு. கேமரா கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டுவது இங்கேதான். அனேகமாக அதில் எந்தப் பழுதும் இருக்காது.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, பொருளின் மேல் விழும் ஒளியை அளப்பதில்லை. பட்டுத் திரும்பி வரும் ஒளியைத்தான் அளக்கிறது. வருவது நிழலில் நிற்கும் வெள்ளைப் பொருளின் ஒளியா, வெயிலில் நிற்கும் கறுப்புப் பொருளின் ஒளியா என்று அதற்குத் தெரியாது. எந்தக் காட்சியும் சராசரியில் ஒரு நடுச்சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைப் படக்கலைஞர்கள் இதற்கு அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். மரம், தெரு, கூட்டம் என்றால் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். உப்பளத்திலும் ஜன்னலுக்கு முன் நிற்கும் முகத்திலும் பிசகும். காட்சியைப் பல கட்டங்களாகப் பிரித்து அளக்கும் இன்றைய கேமராக்களிலும் இது முழுதாகத் தீரவில்லை. கறுத்த முகமும் பின்னால் வெளிச்சமும் சேர்ந்தால் பாதிப்பு இன்னும் அதிகம். நம் முகங்கள் தெளிவாகப் பதிய வேண்டுமானால் கேமராவின் சராசரியை நாம்தான் திருத்த வேண்டும்.

அதற்கென்றே கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது: எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். +1 வைத்தால் ஒளி இருமடங்கு, +2 வைத்தால் நான்கு மடங்கு. என்றோ ஒரு படத்துக்காக -1 வைத்து மறந்திருந்தால், பல கேமராக்கள் அணைத்துப் போட்டாலும் அதை மாற்றாமல் வைத்திருக்கும். எல்லாப் படங்களும் ஒரே அளவில் இருண்டு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கல்யாண மண்டபத்தில் படம் இருண்டு வரக் காரணம் வேறு. தூரம் இருமடங்கானால் ஃப்ளாஷ் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். ஃப்ளாஷின் வலுவைச் சொல்லும் வழிகாட்டி எண் 12 கொண்ட சிறு ஃப்ளாஷ், ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 4 வைத்தால், 3 மீட்டர்தான் எட்டும். ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் 6 மீட்டர். கடைசி வரிசையிலிருந்து மணமேடையை ஃப்ளாஷ் போட்டு எடுப்பதில் பயனில்லை. எழுந்து முன்னால் போய்விடுங்கள்.

படம் சரியாக இருக்கிறதா என்று கேமராத் திரையை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. இருட்டறையில் மங்கிய படமும் திரையில் பிரகாசமாகத் தெரியும். இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். வெள்ளைக் காட்சியின் மேடு இடது பக்கமோ நடுவிலோ நின்றால் ஒளி போதவில்லை.

கணினியில் வெளிச்சம் கூட்டிக்கொள்ளலாமே என்பார்கள். ஓரளவுக்குத்தான் முடியும். ஒளி துகள்களாக வருவதால் அதன் எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் இருந்தே தீரும். அதன் அளவு, எண்ணிக்கையின் வர்க்கமூலம். ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான் பதிந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம். 100 மட்டுமே பதிந்தால் 10, அதாவது 10 சதவீதம். பிறகு வெளிச்சத்தைக் கூட்டும்போது இதுவும் சேர்ந்து கூடுகிறது. நிழல் பகுதிகளில் புள்ளி புள்ளியாகத் தெரிவது அதுதான். ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் என்பதால் திருத்தத் திருத்த நிறமும் திட்டுத்திட்டாகும். சென்சாரின் பதிவை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் உண்டு. சந்தேகமான வெளிச்சத்தில் ராவில் எடுப்பதே நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் இருட்டாகவே வந்தால் ஒரு சோதனை. ஒளி மாறாத சுவர் ஒன்றை மேனுவல் முறையில் இரண்டு முறை எடுங்கள். ஐஎஸ்ஓவை மாற்ற வேண்டாம், ஃப்ளாஷும் வேண்டாம். முதல் படம் எஃப் 5.6, 1/250 நொடி. அடுத்தது எஃப் 11, 1/60 நொடி. இரண்டிலும் ஒளியின் அளவு ஒன்றே என்பதால் படங்களும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வேறுபாடு கண்ணில் பட்டால் லென்ஸின் துளை இதழ்களிலோ ஷட்டரிலோ பழுது இருக்கலாம். அப்போது சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.