வான்தூ மலை மிதிவண்டிப் பாதைகள்

வான்தூ மலை (பிரெஞ்சு மொழியில் மோன் வான்தூ) பிரான்சின் தென்கிழக்கே, புரோவான்ஸ் பகுதியின் வோக்ளூஸ் மாவட்டத்தில் அமைந்துள்ளது. இதன் உயரம் 1,910 மீட்டர். ஆல்ப்ஸ் மலைத்தொடரிலிருந்து விலகித் தனித்து நிற்பதால், சமவெளியில் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தே இதைக் காணலாம். மலையைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்களும் லாவெண்டர் வயல்களும் சிற்றூர்களும் உள்ளன. இங்குள்ள சாலைகள் உலகெங்கும் உள்ள சாலை மிதிவண்டி ஆர்வலர்களிடையே பெயர் பெற்றவை. போக்குவரத்து குறைந்த இச்சாலைகளில் வாகனங்களைவிட வெயில், சரிவு, காற்று ஆகியவையே மிதிவண்டி ஓட்டுபவருக்குப் பெரிய இடர்களாக உள்ளன.

நிலமும் காலநிலையும்

இப்பகுதியில் ஆண்டுக்கு 2,700 மணி நேரத்திற்கும் மேல் வெயில் அடிக்கிறது. கோடையில் வாரக்கணக்கில் மழை பெய்யாமல் இருப்பதும் உண்டு. மலையின் உச்சிப் பகுதி வெண்மையான சுண்ணாம்புக் கற்களால் மூடப்பட்டது. கோடையிலும் பனி படிந்தது போலத் தோன்றும் இப்பரப்பில் நிழல் தரும் மரம் ஒன்றும் இல்லை. கப்பல் கட்டுவதற்கும் கரி எரிப்பதற்கும் பல நூற்றாண்டுகளாக இம்மலையின் மரங்கள் வெட்டப்பட்டன. 1860களில் மீண்டும் மரம் நடும் பணி தொடங்கியது. அட்லஸ் தேவதாரு, ஓக், பைன் முதலிய மரங்களைக் கொண்ட இன்றைய காடு அதன் விளைவாகும். 1990இல் யுனெஸ்கோ இம்மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

சாலைகள் அமைதியாக இருப்பதன் காரணம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்வட்டாரத்தின் வேளாண்மை அடுத்தடுத்து அடி வாங்கியது. ஃபிலாக்சரா என்னும் பூச்சி திராட்சைக் கொடிகளை அழித்தது. சிவப்புச் சாயத்துக்காகப் பயிரிடப்பட்ட மஞ்சிட்டிச் செடி, செயற்கைச் சாயம் வந்த பிறகு விலைபோகவில்லை. மேட்டு நிலச் சிற்றூர்களிலிருந்து மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் மேற்கே ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி அமைந்தன. தொலைதூர வாகனங்கள் அவ்வழியே செல்வதால், மலைச் சாலைகள் உள்ளூர் மக்களுக்கும் பயணிகளுக்குமாக எஞ்சின.

இச்சாலைகள் பலவும் முதலில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஏறுவதற்காகப் போடப்பட்டவை. ஆகவே அவை செங்குத்தாக ஏறாமல் மலைச்சரிவை ஒட்டி வளைந்து செல்கின்றன. வண்டி மாட்டுக்கு ஏற்ற சரிவு மிதிவண்டிக்கும் ஏற்றதாக அமைந்தது. உச்சிக்குச் செல்லும் பாதை 1880களில், அங்கு வானிலை ஆய்வுக்கூடம் கட்டும் பணிக்காக அமைக்கப்பட்டது.

மூன்று ஏற்றப் பாதைகள்

உச்சியை அடைய மூன்று தார்ச் சாலைகள் உள்ளன.

பெதுவான் பாதை: தெற்கிலிருந்து ஏறுகிறது. நீளம் சுமார் 21 கி.மீ., ஏற்றம் சுமார் 1,600 மீட்டர். முதல் ஆறு கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே மெதுவாக ஏறும். சேன் எஸ்தேவ் வளைவைத் தாண்டியதும் காடு தொடங்குகிறது. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், சராசரியாக 9 விழுக்காட்டுச் சரிவு இருக்கும். ஷலே ரேனார் என்னும் விடுதியருகே காடு முடிகிறது. எஞ்சிய ஆறு கிலோமீட்டர் வெட்டவெளியான கல்நிலம்.

மலோசேன் பாதை: வடமேற்கிலிருந்து ஏறுகிறது. நீளமும் ஏற்றமும் ஏறக்குறைய முந்தைய பாதையை ஒத்தவை. சரிவு சீராக இராமல் கூடியும் குறைந்தும் வரும்.

சோ பாதை: கிழக்கிலிருந்து ஏறுகிறது. நீளம் 26 கி.மீ. தொடங்கும் இடமே 700 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஏற்றம் குறைவு, சரிவும் மென்மையானது. ஷலே ரேனாரில் இது பெதுவான் பாதையுடன் இணைகிறது. முதன்முறை வருவோர் பெரும்பாலும் இதையே தேர்ந்தெடுக்கின்றனர்.

இம்மூன்று பாதைகளிலும் ஒரே நாளில் ஏறி இறங்குவோருக்கென 1988இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. இதற்கான மொத்தத் தொலைவு 137 கி.மீ., மொத்த ஏற்றம் சுமார் 4,400 மீட்டர்.

ஏற்றத்தின் கணக்கு

சமதளத்தில் மிதிவண்டி ஓட்டுபவர் பெரும்பாலும் காற்றின் தடையை எதிர்த்தே உழைக்கிறார். மலையேற்றத்தில் வேகம் குறைவு. எனவே காற்றுத்தடை சிறிதாகிப் புவியீர்ப்பே முதன்மைத் தடையாகிறது. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். அந்த எடையை 1,600 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 12.5 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. இரண்டு மணி நேரத்தில் ஏறி முடிக்க, ஈர்ப்புவிசைக்கு எதிராக மட்டும் இடைவிடாமல் சுமார் 175 வாட் திறன் செலவாகும்.

மனிதத் தசை தான் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே மிதிகட்டைக்குக் கொண்டு சேர்க்கிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாக உடலில் தங்குகிறது. மேற்கண்ட ஏற்றத்தில் இவ்வாறு உண்டாகும் வெப்பம் 37 லட்சம் ஜூலுக்கும் மேல். ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியானால் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் நீங்கும். ஆகவே ஒரு துளியும் வழிந்து வீணாகாவிட்டாலும் ஒன்றரை லிட்டர் வியர்வை தேவைப்படுகிறது. வெயிலின் வெப்பம் இதில் சேரவில்லை. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் உடலைக் குளிர்விக்கும் எதிர்காற்றும் பெரிதாகக் கிடைப்பதில்லை. மிதிவண்டியில் பொருத்தும் இரண்டு குடுவைகளில் வழக்கமாக ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் நீரே கொள்ளும். அந்த நீர் ஒரு ஏற்றத்துக்கே போதாமல் போகலாம் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

பற்சக்கரத் தேர்வும் முதன்மையானது. முன்பக்கம் 39 பற்கள், பின்பக்கம் 23 பற்கள் கொண்ட பழைய அமைப்பில், மணிக்கு 10.5 கி.மீ. வேகத்தில் நிமிடத்திற்கு ஐம்பது முறைகூட மிதிகட்டை சுழல்வதில்லை. ஒவ்வொரு மிதியிலும் முழங்காலுக்குப் பாரம் ஏறும். இரு பக்கமும் 34 பற்கள் இருந்தால் அதே வேகத்தில் எண்பது முறைக்கு மேல் இலகுவாக மிதிக்கலாம். செய்யும் வேலை ஒன்றே; தசை களைப்படைவது தாமதமாகிறது.

டாம் சிம்சனின் மரணம்

தூர் த பிரான்ஸ் போட்டி 1951இல் முதன்முறையாக இம்மலையைக் கடந்தது. 1958இல் பெதுவானிலிருந்து உச்சி வரை தனிநபர் நேரப் போட்டி நடந்தது. லக்சம்பர்க் வீரர் ஷார்லி கோல் சுமார் 62 நிமிடங்களில் ஏறி அதில் வென்றார்.

1967 சூலை 13 அன்று மார்சேயிலிருந்து கார்பந்த்ராவுக்குச் சென்ற 13ஆம் கட்டப் போட்டி இம்மலை வழியே நடந்தது. கடும் வெயில் அடித்த நாள் அது. 1965இல் உலக வாகையர் பட்டம் வென்ற பிரித்தானிய வீரர் டாம் சிம்சன், உச்சிக்குச் சற்று முன்பாக வெட்டவெளிப் பகுதியில் தள்ளாடி விழுந்தார். தன்னை மீண்டும் வண்டியில் ஏற்றிவிடுமாறு கேட்டார். சிறிது தூரம் சென்று மறுபடியும் விழுந்தார். உலங்கு வானூர்தியில் அவின்யோன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 29.

உடற்கூறு ஆய்வில் ஆம்பெட்டமின் என்னும் ஊக்கமருந்தும் மதுவும் கண்டறியப்பட்டன. ஆம்பெட்டமின் களைப்பு உணர்வை மறைக்கிறது. நிறுத்தும்படி உடல் தரும் எச்சரிக்கையை அறியாமல் ஒருவர் தொடர்ந்து மிதிக்க அது வழிசெய்கிறது. மது உடலின் நீரைக் குறைக்கிறது. வெயில், நீரிழப்பு, கடும் உழைப்பு ஆகியவற்றுடன் இவையும் சேர்ந்து உயிரைப் பறித்தன. ஊக்கமருந்துச் சோதனைகள் அதற்கு முந்தைய ஆண்டே தூர் போட்டியில் தொடங்கியிருந்தன. வீரர்கள் அவற்றை எதிர்த்து வந்தனர். சிம்சனின் மரணத்திற்குப் பிறகு சோதனைகளுக்கு வலுவான ஆதரவு ஏற்பட்டது. 1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளிலும் அவை நடத்தப்பட்டன.

அவர் விழுந்த இடத்தருகே நினைவுக்கல் ஒன்று உள்ளது. அவ்வழியே ஏறுவோர் அங்கே நின்று தங்கள் தொப்பியையோ நீர்க்குடுவையையோ வைத்துச் செல்வது வழக்கம்.

காற்றும் இறக்கமும்

வடக்கிலிருந்து வீசும் மிஸ்திரால் என்னும் வறண்ட காற்று இவ்வட்டாரத்தின் அடையாளம். 2016 சூலை 14 அன்று பலத்த காற்றின் காரணமாகத் தூர் போட்டியின் முடிவிடம் உச்சியிலிருந்து ஆறு கிலோமீட்டர் கீழே ஷலே ரேனாருக்கு மாற்றப்பட்டது. குறுகிய இடத்தில் பார்வையாளர்கள் நெருக்கியதால் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றுவிட, வீரர்கள் அதன்மீது மோதினர். வண்டி பழுதான கிறிஸ் ஃபுரூம் சிறிது தூரம் சாலையில் ஓடியே சென்றார்.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறையும். ஆகவே பெதுவானில் 32 பாகை இருக்கும் நேரத்தில் உச்சியில் 22 பாகை அளவிலேயே இருக்கும். வியர்வையில் நனைந்த உடையுடன் காற்றில் இறங்கும்போது உடல் நடுங்கத் தொடங்கும்; விரல்கள் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது. பழைய வீரர்கள் உச்சியில் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்போடு செருகிக்கொண்டு இறங்கினர். இன்று மடித்துப் பையில் வைக்கக்கூடிய மெல்லிய காற்றுத்தடுப்பு மேலாடை பயன்படுகிறது.

ஏறும்போது சேர்த்த 12.5 லட்சம் ஜூல் ஆற்றலும் இறங்கும்போது காற்றிலும் பிரேக்கிலும் கழிய வேண்டும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சக்கர வளையம் சூடேறி, உள்ளிருக்கும் டியூப் வெடிக்கக்கூடும். நேர்ப்பாதையில் விட்டுவிட்டு அழுத்தி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக் பிடிக்காமல் திரும்புவதே முறை. அமைதியான சாலையில் எதிரே வண்டி வராது என்று எண்ணி வளைவில் எதிர்ப்புறம் ஏறுவது ஆபத்தானது. ஆட்டு மந்தையோ விழுந்து கிடக்கும் கல்லோகூட வளைவுக்கு அப்பால் இருக்கலாம்.

நெஸ்க் பள்ளத்தாக்கு

உச்சிக்கு ஏற விரும்பாதோருக்கு மலையின் தெற்கே நெஸ்க் ஆற்றுப் பள்ளத்தாக்குச் சாலை உள்ளது. இது வில் சூர் ஒசோன் என்னும் ஊரையும் சோ ஊரையும் இணைக்கிறது. செங்குத்தான பாறைச் சுவரை ஒட்டி, சிறு குகைவழிகளின் ஊடாக மெல்ல ஏறும் இச்சாலையில் வாகனங்கள் குறைவு. சோ ஊருக்கு விரைந்து செல்வோர் தேனீக்களின் கணவாய் எனப் பொருள்படும் கொல் தெசாபேய் வழியே செல்லும் வேறு சாலையைப் பயன்படுத்துவதே இதற்குக் காரணம்.

பருவமும் விதிகளும்

உச்சிச் சாலை பனியின் காரணமாக நவம்பர் நடுவிலிருந்து வசந்தகாலம் வரை மூடப்படும். மே, சூன், செப்டம்பர் மாதங்கள் ஏற்றவை. சூலை, ஆகத்து மாதங்களில் விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலுக்கு முன் இறங்குவது நல்லது. ஊர் நீரூற்றுகளில் குடுவையை நிரப்பலாம். குடிக்கத்தக்கதன்று என்ற அறிவிப்பு உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பிரான்சில் வாகனங்கள் வலப்புறம் செல்கின்றன. ஊருக்கு வெளியே மிதிவண்டியை முந்தும் வாகனம் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். 12 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். ஏற்றச் சாலைகளின் ஓரத்தில் உள்ள மைல்கற்கள், எஞ்சிய தொலைவையும் அடுத்த கிலோமீட்டரின் சராசரிச் சரிவையும் காட்டுகின்றன. அவற்றைப் பார்த்து வேகத்தைத் திட்டமிடலாம். தலைசுற்றலோ குளிர்நடுக்கமோ தோன்றினால் உச்சி அருகில் இருந்தாலும் உடனே நிறுத்திவிட வேண்டும்.