ஆளுக்கு எவ்வளவு பால்?

மலேசியாவின் பத்து காஜாவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் கோப்பெங் சாலையில் பாதிக் கட்டடமாக நிற்கும் கெல்லி மாளிகையைப் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் கெல்லாஸில் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் இறந்ததும் கட்டுமானம் நின்றது. அவர் ஊர்ப் பெயரைத் தாங்கிய கிந்தா கெல்லாஸ் போன்ற ரப்பர் தோட்டங்களின் கதையைச் சொல்ல வேண்டுமானால், மாளிகையைவிடக் கிராணி என்ற தோட்டக் கணக்கர் வைத்திருந்த செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகம்தான் நல்ல சாட்சி.

விடியலில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. ரப்பர் மரம் சீவி, மங்கு என்ற கிண்ணங்களில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தால் நிறுவை. அதோடு முடியாது. பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர் என்பதால், மெட்ரொலாக் என்ற மிதவைமானியை மிதக்கவிட்டு ரப்பர் சத்தையும் பார்ப்பார்கள். ஆள், நாள், எடை, சத்து. மாதக் கடைசியில் இவ்வளவும் ஆளுக்கு ஒரு வரியாகச் சுருங்க வேண்டும்.

இன்று இதே வேலையை 'ஆர்' மென்பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய இலவசக் கணினி மொழி அது. 'அக்ரிகேட்' என்ற பழைய கட்டளையோ, 'டிப்ளையர்' தொகுப்பின் 'குரூப் பை', 'சம்மரைஸ்' என்ற ஜோடியோ போதும். ஆள்வாரியாகப் பிரித்து, கணக்கிட்டு, மறுபடி ஒரே பட்டியலாகச் சேர்த்துவிடும்.

சிக்கல் மழையில் தொடங்குகிறது. ஒருவர் 20 நாள் மரம் சீவி, நாளுக்கு 15 கிலோ வீதம் 300 கிலோ பால் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். சீவலே நடக்காத 5 மழை நாட்களுக்கும் யாரோ பூஜ்யம் போட்டுவிட்டால் சராசரி 12 ஆக இறங்கிவிடும். ஆள் சோம்பேறியாகிவிடுவார்! அந்த இடத்தில் 'ஆர்' மொழியில் 'என்.ஏ.' (விவரம் இல்லை) என்று எழுத வேண்டும். எழுதினால் கூட்டுத்தொகையே 'என்.ஏ.' என்று வந்து மிரட்டும். அவற்றை விட்டுவிட்டுக் கூட்டு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தப் பிடிவாதம் நல்லது. சூத்திர வடிவில் எழுதும் 'அக்ரிகேட்'தான் ஆபத்து: விடுபட்ட வரிகளைச் சத்தமில்லாமல் கழித்துவிடும். மாதம் முழுக்க மருத்துவமனையில் கிடந்தவரின் பெயர் பட்டியலிலேயே இருக்காது.

சத்து விகிதத்துக்கும் வெறும் சராசரி உதவாது. ஒரு நாள் 10 கிலோ பாலில் 40 விழுக்காடு, மறுநாள் 30 கிலோவில் 30 விழுக்காடு என்றால், ரப்பர் 4 கிலோவும் 9 கிலோவும் சேர்ந்து 13. விழுக்காடுகளைச் சராசரியாக்கி 35 என்று வைத்து 40 கிலோவைப் பெருக்கினால் 14 வரும். இல்லாத ஒரு கிலோ முளைத்துவிடுகிறது! பாலின் எடைக்கேற்ப நிறையிட்ட சராசரிதான் சரி.

ஆளுக்கு ஓர் எண் என்ற முறைக்கு மருத்துவத்திலும் மதிப்புண்டு. ஒரு நோயாளியிடம் பல தடவை எடுத்த அளவுகளை முதலில் ஒரே எண்ணாக்கி, பிறகே குழுக்களை ஒப்பிடுங்கள் என்று மேத்யூஸ், ஆல்ட்மன் முதலியோர் 1990-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். பத்துப் பேரின் 25 நாள் கணக்கில் 250 வரி இருந்தாலும், ஆட்கள் பத்துப் பேர்தான்.

ஆளை எப்படி அடையாளம் காண்பது என்பது மட்டும் கணினிக்குத் தெரியாது. ஒரே தோட்டத்தில் இரண்டு லெட்சுமி இருந்து, பெயரை வைத்துப் பிரித்தால் இருவர் பாலும் ஒருவர் கணக்கில் ஏறும். ஒரே முனியாண்டியை இரண்டு விதமாக எழுதினால் அவர் இரண்டாள் ஆவார். பிரிப்பதற்கு முன்னே ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிட வேண்டும்.