முழங்கால் கறுத்த வேட்டைக்காரன்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஆப்பிள் தோட்டங்கள் அதிகம். ஜூலை மாதத்தில் அங்கே ஒரு கிளைக்கு அடியில் வெள்ளைத் துணியை விரித்துக் கிளையைத் தட்டினால், அரை சென்டிமீட்டர் நீளமுள்ள பச்சைப் பூச்சி ஒன்று விழுந்து விறுவிறுவென்று ஓடலாம். கால்களைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். முழங்கால்தோறும் மை தொட்டு வைத்தாற்போல் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். பிளெஃபாரிடாப்டெரஸ் ஆங்குலேட்டஸ் என்பது இதன் அறிவியல் பெயர்.

இது மிரிடே என்னும் நாவாய்ப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் 10,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு; பெரும்பாலானவை செடியின் சாற்றை உறிஞ்சுபவை. நம் மலைத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் தேயிலைக் கொசுவும் இந்த வகையறாதான். கறுப்பு முழங்காலனும் இலைச்சாற்றைக் கொஞ்சம் குடிக்கும். ஆனால் பிழைப்பு வேட்டையில்தான். ஆப்பிள், பிர்ச், ஆல்டர், லிண்டன் போன்ற இலையுதிர் மரங்களில் திரிந்து அசுவினி, தத்துப்பூச்சி, சிவப்புச் சிலந்தி என்னும் நுண்ணிய உண்ணி ஆகியவற்றைப் பிடிக்கிறது.

இதற்குக் கடிக்கும் வாய் இல்லை. தலைக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் ஊசிபோன்ற குழலை நிமிர்த்தி இரையில் குத்தும். உமிழ்நீர் உள்ளே இறங்கிச் சதையைக் கரைக்கும்; கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சுவது சுருங்கிய தோல்தான். ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர் காலியர் இதன் வாழ்க்கையை ஆராய்ந்து 1952-இல் எழுதினார். வளர்ந்த பெண்பூச்சி நாளொன்றுக்கு 60, 70 சிலந்திகள் வரை தின்றுவிடும்.

இத்தனை பசி இருந்தும் இதற்கு ஒரு பலவீனம் உண்டு: ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான். கோடைக் கடைசியில் தாய்ப்பூச்சி இளங்கிளைப் பட்டைக்குள் முட்டைகளைச் செருகிவிட்டு, குளிர் வருமுன் மடிந்துபோகும். முட்டைகள் பனிக்காலத்தைப் பட்டைக்குள்ளேயே கழித்து மே, ஜூனில் பொரிக்கும். குஞ்சு ஐந்து பருவங்களைத் தாண்டித்தான் இறக்கை பெறும். சிவப்புச் சிலந்தியோ அதே ஓராண்டில் பல தலைமுறை பெருகிவிடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆப்பிள் தோட்டங்களில் டிடிடி என்னும் பூச்சிமருந்து புகுந்தபோது இந்த வேறுபாடு வெட்டவெளிச்சமானது. மருந்து முழங்காலனைக் கொன்றது, சிலந்தியைக் கொல்லவில்லை. தின்ன ஆளில்லாத சிலந்தி பெருகி இலைகளை வெண்கல நிறமாக்கியது. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்தால் இன்னொன்று தலைவலியாக வந்து சேர்ந்தது.

நெல் வயலில் புகையான் என்னும் தத்துப்பூச்சியின் முட்டையைக் குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சிக்கும் இதே கதிதான். கண்மூடித்தனமாக மருந்தடித்த வயலில் புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பிவரும். கென்ட் ஆப்பிள் தோட்டங்களில் முழங்காலன் தப்பிப் பிழைக்க ஒரு வழி இருக்கிறது. காற்றைத் தடுக்கத் தோட்ட ஓரத்தில் நடும் ஆல்டர் மரங்களில் முழங்காலன் குடியிருக்கும். வரிசைகளுக்கு நடுவே மருந்தில் அழிந்தாலும், மருந்து படாத வேலி மரத்திலிருந்து மறுபடி பரவ முடியும். ஆக, மருந்து தெளிக்குமுன் எந்த மரத்தை விட்டுவைக்கலாம் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.